பொன்னேரியில் நிற்காத வண்டி

குப்பம்மா தன் மகளை மூன்று வருடமாக ரயில்வே ஸ்டேஷனில்தான் பார்த்து வந்தாள்.

நந்தினி ஒரே பிள்ளை. அவளுக்கு முன்னால் பிறந்த பையன் ஐந்தாம் நாளே போய்விட்டான். இவளையாவது உப்புத்தண்ணீரில் நிற்க விடக்கூடாது என்று பொன்னேரி காலேஜில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்து மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே வெல்டராக இருந்த ஜெரோமைக் கட்டிக்கொண்டாள். ஜெரோம் திருவொற்றியூரில் கூலி வேலை செய்கிற ஒரு குடும்பத்துப் பையன், மாதா கோயிலுக்குப் போகிறவன். பையனைப் பற்றிக் குப்பம்மாவுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் அவளுடைய புருஷன் திருவேங்கடம் அன்றைக்குச் சொன்னது ஒரே பேச்சுதான்.

"நம்மள வேணாம்னு போனவ. இந்த வாசல்ல அவ கால் படக் கூடாது. எம் முன்னாடி அவ பேரு எடுக்கக் கூடாது."

அதற்குப் பிறகு அவர் அதைத் திரும்பச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கடலுக்குப் போனார், வந்தார், வலையைக் கிழித்த நண்டைத் திட்டினார், சாப்பிட்டுப் படுத்தார். வீட்டில் மகள் என்ற ஒருத்தி இருந்ததற்கு அடையாளமாகச் சுவரில் ஒரு பள்ளிக்கூட போட்டோ மட்டும் மிஞ்சியது. அதை அவர் கழற்றவில்லை. அந்தச் சுவர்ப் பக்கம் பார்த்தும் உட்காரவில்லை.

குப்பம்மாவுக்குக் கருவாட்டு வேலை. பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் நெத்திலியும் காரப்பொடி மீனும் காய வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். பதினோரு மணிக்குள் கடை காலியாகிவிடும். அதற்கப்புறம் மின்சார ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் போய் அனுப்பம்பட்டில் இறங்குவாள். பொன்னேரி ஸ்டேஷனில் எந்த நேரமும் குப்பத்து ஆட்கள் யாராவது இருப்பார்கள். அனுப்பம்பட்டில் குப்பத்துக்காரர்கள் இறங்குவதற்குக் காரணமே கிடையாது. திருவொற்றியூரிலிருந்து நந்தினி வருவாள். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் இரண்டு மணிவரை உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் பேச ஒன்றுமே இருக்காது. குப்பம்மா மகளின் தலைமுடியை அவிழ்த்துப் பேன் பார்த்துவிட்டு, பின்னி முடிந்து அனுப்புவாள்.

பேத்தியையும் அங்கேதான் முதலில் தூக்கினாள். பிறந்து முப்பது நாள் கூட ஆகாத குழந்தை, டவலில் சுற்றி, வண்டிச் சத்தத்துக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபடி. பூவிழி என்று பெயர். எட்டு மாதத்தில் குப்பம்மாவைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டித் தாவும். மூக்குத்தியைப் பிடித்து இழுக்கும்.

திருவேங்கடத்துக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. பதினோரு மணிக்குக் கடை முடிகிறவள் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் புருஷனுக்குக் கணக்குத் தெரியாதா? அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆவணி மாதம் முதல் ஞாயிறு அவள் பொன்னேரி ஸ்டேஷனுக்கு வந்தபோது கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குப்பம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவர் படித்துச் சொன்னார். பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. இரண்டு வாரம், சனியும் ஞாயிறும் காலை ஏழரையிலிருந்து மதியம் இரண்டரை வரை மின்சார ரயில் கிடையாது. சென்னையிலிருந்து வருகிற வண்டிகள் மீஞ்சூரோடு திரும்பிவிடும்.

போனில் நந்தினி, "வுடும்மா, கைக்குழந்தைய வெச்சிகினு பஸ் மாறி பஸ் மாறி வர முடியாது. ரெண்டு வாரந்தானே?" என்றாள்.

இரண்டு வாரந்தான். குப்பம்மா மார்க்கெட் முடிந்ததும் பஸ் பிடித்து வீடு திரும்பினாள். அந்த இரண்டு ஞாயிறும் பன்னிரண்டரை மணிக்கே வீட்டில் வந்து நின்றவளைத் திருவேங்கடம் ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

இரண்டாவது ஞாயிறு கவுன்ட்டரில் இருந்தவரிடம் கேட்டாள். "இன்னியோட முடிஞ்சிடுமா சார்?"

"இன்னியோட சரிம்மா. அடுத்த வாரம் எப்பவும்போல ஓடும்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு வானம் கறுத்து இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டியது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தவர்கள் வேலையை அப்படியே நிறுத்தி, வண்டி ஓடுகிற அளவுக்கு மட்டும் சரிக்கட்டிவிட்டுப் போனார்கள். மிச்ச வேலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது. புதிய காகிதத்தை வெள்ளிக்கிழமை ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை குப்பம்மாவுக்குப் பொன்னேரியில் வேலை கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் நந்தினி போன் பண்ணினாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, டிக்கெட் கெடச்சிடுச்சு. நாளிக்கே கெளம்பறோம்."

குஜராத்தில் கப்பல் கட்டுகிற இடத்தில் ஜெரோமுக்கு வேலை என்பது ஒரு மாதமாகவே பேச்சில் இருந்தது. இரண்டு வருடக் காண்ட்ராக்ட், தங்குவதற்கு வீடும் கொடுப்பார்கள். திங்கட்கிழமைக்கு மேல்தான் டிக்கெட் கிடைக்கும், அதற்குள் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பேசலாம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

"நாளிக்கு எத்தினி மணிக்கு?"

"காத்தால பத்து மணி. சென்ட்ரல்ல."

"நான் சென்ட்ரலுக்கு வர்றேன்."

"நீ தனியா வந்துடுவியா?"

"ஏழு அம்பது வண்டி ஏறினா ஒம்பது மணிக்கு வந்துடுவேன். கொழந்தைக்குத் தொப்பி கிப்பி போட்டு வை, காத்து அடிக்கும்."

அன்றிரவு நெத்திலியை வறுத்துப் பொடித்தாள். இறால் தொக்கு செய்து பாட்டிலில் அடைத்தாள். திருவேங்கடம் அடுப்படிக்கு வந்து தண்ணீர் மொண்டு குடித்தார். பாட்டிலையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"நந்தினி நாளிக்குக் குஜராத்து போவுது," என்றாள் குப்பம்மா. மூன்று வருடத்தில் அவர் முன்னால் அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "ரெண்டு வருஷம் ஆவுமாம் வர்றதுக்கு. நீ வர்றியா?"

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "நாளிக்குக் கடலுக்குப் போவணும்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

காலையில் பழவேற்காட்டில் பஸ் ஏறியபோது நன்றாக விடிந்திருந்தது. பொன்னேரி ஸ்டேஷனை அடைய ஏழு இருபது. ஸ்டேஷன் வாசலில் ஒரே கூட்டம். உள்ளே போக யாருமே அவசரப்படவில்லை. எல்லோர் கையிலும் போன். கவுன்ட்டரில் இருந்தது புது ஆள்.

"வண்டி இல்லம்மா. லைன்ல வேலை."

"போன வாரத்தோட முடிஞ்சிதுன்னாங்களே சார்."

"மழையில நின்னுபோச்சு. இந்த வாரமும் இருக்கு. ஆறு நாப்பது வண்டிதான் கடைசி. மீஞ்சூர் போயிடுங்க, அங்கேருந்து வண்டி இருக்கு."

முந்தின பஸ்ஸில் வந்திருந்தால் அந்த ஆறு நாற்பது வண்டியைப் பிடித்திருப்பாள். அந்த பஸ் அவள் கண் முன்னால்தான் போனது. நேரம் இருக்கிறதே என்று ஏறாமல் நின்றாள். பின்னால் எத்தனையோ நாள் அவள் திரும்பத் திரும்ப நினைத்தது அந்த பஸ்ஸைத்தான்.

ரயில் ஏற வந்த கூட்டம் முழுக்க பஸ் ஸ்டாண்டில் நின்றது. இரண்டு பஸ்ஸில் அவளால் காலே வைக்க முடியவில்லை. மூன்றாவதில் யாரோ கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். வழியில் லாரிகள் வரிசையாக நின்று பாதையை அடைத்திருந்தன. மீஞ்சூரில் இறங்கி ஸ்டேஷனுக்கு ஓடினபோது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. பிளாட்பாரத்தில் நின்ற மின்சார ரயில் பத்தே காலுக்குத்தான் கிளம்பும் என்றார்கள்.

அவள் மகளுக்குப் போன் போட்டாள். "நந்தினி, நான் மீஞ்சூர்ல கீறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து குழந்தை சிணுங்குவதும், ஏதோ ஒரு மொழியில் அறிவிப்பும் கேட்டன.

"அம்மா, இன்னும் அஞ்சு நிமிஷத்துல வண்டி எடுத்துடுவான்."

"தெரியும். வண்டி இப்டிக்கா தானே வரும்? மீஞ்சூர் வழியாத்தானே?"

"வரும்மா. ஆனா நிக்காது."

"நிக்காட்டி போவுது. நீ கதவாண்ட வந்து நில்லு. நான் பிளாட்பாரத்துல கீறேன். கொழந்தைய உஷாராப் புடி."

"ஜெரோம் புடிச்சிக்குவாரும்மா. எஸ் ஆறு பொட்டி. இடது கைப்பக்கம் நிக்கறேன்."

எந்த இடது என்று குப்பம்மாவுக்குப் புரியவில்லை. வடக்கே போகிற வண்டி எந்தப் பக்கம் வரும் என்று நாலு பேரைக் கேட்டு, ஒரு இடம் பார்த்து நின்றாள். பத்தரைக்கு ஒரு கூட்ஸ் வண்டி மெல்ல வந்து அவள் எதிரிலேயே நின்றது. நிலக்கரி ஏற்றிப் போகிற நீளமான வேகன்கள். முன்னால் ஒற்றைப் பாதையில்தான் வண்டிகளை விடுகிறார்கள், அதனால் இதை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். குப்பம்மா அதன் முனைவரை போய்ப் பார்த்துவிடலாம் என்று நடந்தாள். பாதி தூரம் போவதற்குள் கூட்ஸுக்கு அந்தப் பக்கத்தில் எக்ஸ்பிரஸ் சத்தம் கேட்டது. வேகனுக்கும் வேகனுக்கும் நடுவிலிருந்த இடுக்குகளில் நீலமும் வெள்ளையுமாக ஏதோ ஓடியது. ஜன்னல் எது, கதவு எது என்று தெரியவில்லை. அவள் கையைத் தூக்கவே இல்லை. தூக்கி என்ன ஆகப் போகிறது?

பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் கழித்து போன் அடித்தது.

"அம்மா! வண்டி பொன்னேரில நிக்குதும்மா! சிக்னல் போடல. எல்லாரும் எறங்கி நிக்கறாங்க. நீ எங்க கீறே?"

குப்பம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "மீஞ்சூர்லயே கீறேன்டி."

"அய்யோ, அம்மா…"

"எவ்ளோ நேரம் நிப்பான்?"

"தெரிலம்மா. முன்னாடி வேலை நடக்குதாம். அர மணி நேரம் கூட ஆவும்னு இங்க ஒருத்தர் சொல்றாரு."

"எறங்காதே. வண்டியிலயே இரு. நான் வர்றேன்."

ஸ்டேஷன் வாசலில் முதலில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். டிரைவர் பெயர் மூர்த்தி, நாற்பது வயதிருக்கும். இரண்டே வார்த்தையில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வண்டியை விரட்டினான். எதிரில் வருகிற லாரிகளைப் பார்த்து அவள் கண்ணை மூடவில்லை. வழியில் ஒரு கிளை ரோட்டில் புகுந்து, ஒரு நெல் வயல் ஓரமாக வந்து, மறுபடி மெயின் ரோட்டைப் பிடித்தான். பொன்னேரி ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மூர்த்தி தலையை வெளியே நீட்டிக் கத்தினான். பேண்டு வாத்தியத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அங்கே ஐந்து நிமிடம் போனது.

"வண்டி நிக்குதாம்மா?" என்று அவன் இரண்டு முறை கேட்டான். நந்தினி போனை வைக்காமலே இருந்தாள். நிக்குதும்மா, இன்னும் நிக்குதும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ நின்றதும் குப்பம்மா பையை விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். எக்ஸ்பிரஸ் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது. ஆனால் அது எதிர்ப் பக்கத்துப் பிளாட்பாரத்தில். மேம்பாலப் படியில் ஏற ஆரம்பித்தாள். முட்டி வலி பிடித்த கால். கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் இருக்கும்போது ஹாரன் அடித்தது.

"அம்மா, எடுக்கறாம்மா! எங்கம்மா? பிளாட்பாரத்துல காணமே?"

"மேல பாருடி! பாலத்து மேல!"

பாலத்தின் நடுவுக்கு அவள் வந்தபோது பெட்டிகள் காலடியில் நகர்ந்துகொண்டிருந்தன. மேலிருந்து பார்க்கிறபோது எல்லாப் பெட்டியும் ஒன்றுதான். அழுக்கேறிய கூரைகள், ஒன்றன் பின் ஒன்றாக. எழுத்து எதுவும் தெரியவில்லை. அந்தப் பக்கக் கம்பிக்கு ஓடினாள். வளைவில் வண்டி திரும்பும்போது ஏழெட்டுக் கதவுகளில் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து கைகள் ஆடின. ரயிலில் போகிற யாரும் யாருக்காவது ஆட்டுகிற கைகள்தான். எது நந்தினியின் கை என்று அவளால் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையை ஆட்டினாள்.

போனில் நந்தினி அழுதுகொண்டிருந்தாள். "பாத்தியாம்மா? என்னைப் பாத்தியா? நான் பாலத்தப் பாக்கறதுக்குள்ள தாண்டிடுச்சும்மா."

"பாத்தேன்," என்றாள் குப்பம்மா. "மஞ்சக் கலர் சுடிதார்தானே?"

"பச்சைம்மா."

"ஆமா, பச்சை. கண்ணு கூசுது இங்க. உள்ள போய் உக்காரு."

அவள் கீழே இறங்கி பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாள். ஆரஞ்சு மேல்சட்டை போட்ட தொழிலாளிகள் சிலர் கடப்பாறையும் சம்மட்டியுமாகத் தண்டவாளத்தை ஒட்டி வந்து குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. அதில் வயதான ஒருவர் அவளைப் பார்த்து, "வண்டி ரெண்டரைக்கு மேலதான்மா," என்றார்.

"எனக்கு வண்டி வேணாங்க," என்றாள். பிறகு கேட்டாள், "ஞாயித்துக்கெழமையில ஏன் இதைப் பண்றீங்க? எல்லாரும் வந்து போற நாளாச்சே."

அவர் கோபப்படவில்லை. "மத்த நாள்ல ஆபீஸ் போறவங்க கத்துவாங்கம்மா. எங்களுக்கும்தான் ஞாயித்துக்கெழமை கெடையாது. மூணு வாரமாச்சு நான் ஊரப் பாத்து." வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெயிலுக்குள் போனார். குப்பம்மாவுக்கு யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியவில்லை. யார் மேலாவது ஆத்திரப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூர்த்தி பையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி உள்ளே வந்தான். "அதை எடுத்துக்கினு போப்பா. நெத்திலிப் பொடியும் தொக்கும் கீது. வூட்ல புள்ளைங்களுக்குக் குடு," என்றாள் குப்பம்மா. அவன் எவ்வளவோ மறுத்தான். அவள் எழுந்து நடந்துவிட்டாள்.

மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது திருவேங்கடம் வலையைப் பிரித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். அவள் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கை கழுவிவிட்டுச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா?"

குப்பம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடமாகக் கேட்காத மனுஷன் கேட்கிறார்.

"பாத்தேன்."

"புள்ள எப்டி கீது?"

அப்போது அவளால் நிலக்கரி வண்டியைப் பற்றியும் கூரைகளைப் பற்றியும் சொல்ல முடியவில்லை. "நல்லாக் கீது. பச்சை சுடிதார் போட்டுகினு இருந்துச்சு. அழுதுச்சு. கொழந்தை என்னைப் பாத்ததும் தாவுச்சு. மூக்குத்தியப் புடிச்சி இழுத்துச்சு."

"ஆரு ஜாடை?"

"உன் ஜாடைதான். நெத்தி அப்டியே உன்னுது."

அவர் தலையை ஆட்டினார். சோற்றைப் பிசைந்தார், நாலு வாய் சாப்பிட்டார், தட்டைத் தள்ளிவைத்தார். "நம்மூரு கடல வுட்டுட்டு எந்தக் கடலுக்குப் போவுதோ," என்று தனக்குத்தானே சொன்னார். குப்பம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அங்கே கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வண்டிகள் ஒழுங்காக ஓடின. தண்டவாளம் புதிதாகப் போட்டதில் வண்டி முன்னைவிட ஆட்டம் இல்லாமல் போகிறது என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். குப்பம்மா அதில் ஏறிப் பார்க்கவில்லை. மார்க்கெட் முடிந்ததும் பழவேற்காடு பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

திருவேங்கடம் பிறகும் சில முறை கேட்டார். பல்லு முளைச்சிருந்துச்சா? காலு ரெண்டும் நேராக் கீதா? ஒவ்வொரு தடவையும் அவள் அந்த நாளைப் பற்றிப் புதிதாக ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. முன்னால் சொன்னதை மறந்துவிடாமல் சொல்ல வேண்டியிருந்தது. நீயே போன் போட்டுப் பேசேன் என்றால் எழுந்து போய்விடுவார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சரவணன் தன் போனில் வீடியோ கால் போட்டுக் கொடுத்தான். போனின் சின்னத் திரையில் நந்தினி வந்தாள். இளைத்திருந்தாள். பின்னால் சுண்ணாம்பு உரிந்த ஒரு சுவர். பூவிழியைத் தூக்கிக் காட்டினாள். குழந்தை இப்போது நிற்கிறது, இரண்டு அடி வைக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்து ஏதேதோ இந்தி வார்த்தை சொல்கிறது என்றாள்.

"ஆயாடி. ஆயாவப் பாரு. ஆயாக்கு டாட்டா சொல்லு."

குழந்தை போனை உற்றுப் பார்த்தது. குப்பம்மா மூக்குத்தி தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக் காட்டினாள். குழந்தை உதட்டைப் பிதுக்கி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது.

"புது மூஞ்சின்னா பயப்படுதும்மா," என்றாள் நந்தினி.

"வுடு, வுடு. அழ வெக்காதே," என்றாள் குப்பம்மா.

வாசலுக்கு வெளியே திருவேங்கடம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை அழுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்திருக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.